நம்பிக்கையின் பேரில் ராணுவச் சேவையை மறுக்க முடியுமா? மன்னார்குடித் தாய் ஒருவருக்குப் பதில்

கேள்வி, சுருக்கமாக: மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் சிங்கப்பூரில் பொறியாளர். குடும்பத்தில் அனைவருக்கும் அங்கே நிரந்தரவாசத் தகுதி இருக்கிறது. மகனைத் தேசிய சேவை என்ற அந்நாட்டுக் கட்டாயப் பணிக்குப் பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. சில ஆண்டுகளாக அவர்கள் ஆயுதம் எடுக்கக் கூடாது என்று போதிக்கும் கிறிஸ்தவச் சபை ஒன்றில் இருக்கிறார்கள். மத நம்பிக்கையைச் சொல்லி விலக்குப் பெற முடியுமா, முடியாவிட்டால் பையனை ஊருக்கு அழைத்து வந்துவிடலாமா என்று கேட்கிறார். கூடவே ஒரு கேள்வி: அதே சபைக்குப் போகும் தம்பி மகன் அக்னிவீர் தேர்வுக்குப் படிக்கிறான், அவனுக்கும் பிற்பாடு இதே சிக்கல் வருமா?

அம்மா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் அந்த விலக்கு கிடைக்காது. அங்குள்ள சேர்ப்புச் சட்டம் 1970ஆம் ஆண்டினது. யாருக்கும் விலக்களிக்கும் அதிகாரம் அதில் அரசுக்கு இருக்கிறது. ஆனால் மனசாட்சியையோ மதத்தையோ அதற்கு ஒரு காரணமாக அந்த அரசு ஏற்றுக்கொண்டதில்லை. துப்பாக்கிக்குப் பதிலாக மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்துவிட்டுப் போ என்று சொல்லும் மாற்றுப் பணி ஏற்பாடும் அங்கே இல்லை. ஆகவே நல்ல வழக்கறிஞரைப் பிடித்தால் மனு எழுதித் தருவார் என்று யாராவது சொன்னால், அவருக்குக் கொடுக்கும் பணம் உங்கள் பணம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான் ராணுவத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தஞ்சாவூரில் முன்னாள் படைவீரர்களுக்கு ஓய்வூதிய மனுக்கள் எழுதிக் கொடுக்கிறேன். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு சிங்கப்பூர் வீடு இருக்கும் என்பதால், ராணுவம் என்ற சொல் வரும் எந்தக் காகிதமும் கடைசியில் என் மேசைக்கு வந்துவிடுகிறது. அவற்றைப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று: நம் டெல்டாக் குடும்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும் நேரம் தவறிவிடுகிறது. இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. தாத்தா காலத்திலிருந்து யாருக்கும் அந்த அனுபவம் இல்லை. எனவே பி.ஆர். என்கிற நிரந்தரவாச விண்ணப்பத்தில் மகன் பெயரைச் சேர்க்கும்போது அதைப் பள்ளிக் கட்டணச் சலுகையாகவும் வீடு வாங்கும் வசதியாகவும்தான் பார்க்கிறோம். உண்மையில் உங்கள் மகனின் மனசாட்சியைச் சிங்கப்பூர் கேட்டது அன்றைக்குத்தான். அவன் சார்பில் சம்மதம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். இப்போது வந்திருப்பது அதன் ரசீது.

இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அங்கே விதி எப்படி வகுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அடுத்ததைப் பேச முடியும். தன் தொழில் திறமையின் பேரில் முதல் ஆளாக நிரந்தரவாசம் பெற்ற உங்கள் கணவருக்குத் தேசிய சேவைக் கடமை இல்லை. பெற்றோர் ஆதரவில் அத்தகுதியைப் பெற்ற மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பிறகு மருத்துவச் சோதனை, பதினெட்டு வாக்கில் சேர்ப்பு. முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள். அதோடு முடிவதில்லை, ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை திரும்ப அழைக்கும் துணைப்படைக் கடமை பல ஆண்டுகள் தொடரும். கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு என்பதால் இந்தியத் தூதரகம் தலையிட்டு விடுவிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிரந்தரவாசம் நாமே கேட்டுப் பெற்ற தகுதி. கடமையும் அதனோடு சேர்ந்தே வருகிறது.

சபையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. யெகோவாவின் சாட்சிகளாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். 1972 ஜனவரியில் சிங்கப்பூர் அரசு அந்த அமைப்பின் பதிவையே ரத்து செய்தது. அதன் உறுப்பினர்கள் ராணுவச் சேவையை மறுப்பதும், தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்தாததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவர்களுடைய வெளியீடுகளும் தடை செய்யப்பட்டன. அந்தத் தடையை எதிர்த்த வழக்கு ஒன்று 1994இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. சிங்கப்பூர் அரசமைப்பின் 15ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் எதிராகப் போகும் மத நடைமுறை எதுவானாலும் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று தலைமை நீதிபதி யோங் புங் ஹவ் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்புதான் இன்றைக்கும் அங்கே சுவர் போல நிற்கிறது. இதில் உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் செய்தி ஒன்று உண்டு. இந்தியாவில் அந்தச் சபை சட்டப்படி இயங்குகிறது. அவர்கள் புத்தகம் மன்னார்குடி கடைத்தெருவில் கையில் கிடைக்கும். அதே புத்தகத்தை முறுக்கோடும் வடகத்தோடும் பெட்டியில் வைத்து சாங்கி விமான நிலையத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். அங்கே அதை வைத்திருப்பதே குற்றம்.

சரி, ஒரு பையன் மறுத்தே தீருவேன் என்று நின்றால் என்ன நடக்கும்? சேர்ப்பு நாளன்று அவன் போவான். சீருடையை அணியச் சொல்வார்கள். அணிய மாட்டேன் என்பான். அது ராணுவக் கட்டளையை மீறிய குற்றமாகி, விசாரணைக்குப் பிறகு ராணுவத் தடுப்பு முகாமுக்கு அனுப்புவார்கள். வழக்கமாக முதலில் 15 மாதம். வெளியே வந்ததும் மீண்டும் சீருடையை நீட்டுவார்கள். மீண்டும் மறுத்தால் 24 மாதம். மொத்தம் 39 மாதம், அதாவது சேவையைவிட ஓராண்டுக்கும் மேல் அதிகம். தெரிந்தே இந்தப் பாதையில் போன இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கோழை என்று சொல்ல மாட்டேன். ராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தப்பித்து ஓடுகிறவனுக்கும், தண்டனை தெரிந்து வாசலில் வந்து நிற்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்த வாசலில் நிற்க வேண்டியவன் உங்கள் மகன், நீங்கள் அல்ல.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்கள் நம்பிக்கை", "எங்கள் வீட்டார்", "எங்கள் சபை" என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள். பையன் என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. அவனைத் தனியாக உட்காரவைத்து, சபை மூப்பரோ மாமாவோ பக்கத்தில் இல்லாமல், கேளுங்கள். ஆயுதத்தைத் தொடுவது மட்டும்தான் அவனுக்குத் தடையா? சீருடையே தடையா? ஸ்ட்ரெச்சர் தூக்குகிற மருத்துவ உதவியாளனாக இருக்கச் சொன்னால் இருப்பானா? தீயணைக்கும் வேலை என்றால்? ராணுவ அதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே விசுவாசத்துக்கு விரோதம் என்று நினைக்கிறானா? அல்லது சினேகிதர்கள் எல்லாரும் போகும்போது தானும் போய்விட்டு வந்தால் தேவலை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு உங்கள் முகத்துக்காக வாயைத் திறக்காமல் இருக்கிறானா?

கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். கிறிஸ்தவத்துக்குள்ளேயே இதில் பல நிலைகள் உண்டு. ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டுகளின் மரபு, படையில் சேர்ந்தாலும் ஆயுதம் ஏந்தாத பணியை நாடுவது. யெகோவாவின் சாட்சிகளுக்குச் சீருடையே ஆகாது. மென்னோனைட்டுகள் பல நாடுகளில் மாற்றுப் பணியை ஏற்றுக்கொண்டார்கள். சிங்கப்பூரில் தேசிய சேவை என்பது ராணுவத்தை மட்டும் குறிப்பதில்லை. காவல்துறைக்கும், தீயணைப்பும் மீட்பும் செய்யும் குடிமைத் தற்காப்புப் படைக்கும் ஆட்களை அனுப்புகிறார்கள். எங்கே போவது என்பதை அரசுதான் தீர்மானிக்கும். இருந்தாலும் மருத்துவச் சோதனைக் கட்டத்திலேயே, ஆயுதம் ஏந்துவதில் எனக்கு இந்தத் தடை இருக்கிறது, உயிர் காக்கும் பணி என்றால் முழு மனதோடு செய்வேன் என்று அவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கலாம். அது உரிமை கோருவது ஆகாது, வேண்டுகோள்தான். தள்ளவும் கூடும். எந்தப் பிரிவுக்குப் போனாலும் அடிப்படைப் பயிற்சியும் சீருடையும் ஒழுங்கும் உண்டு. கோடு ஆயுதத்தோடு நிற்கிறது என்றால் மட்டுமே இந்தக் கடிதத்துக்கு அர்த்தம்.

சேவையை மறுப்பதும், சேவைக்குள் இருந்துகொண்டு மதத்தைக் கடைப்பிடிக்க இடம் கேட்பதும் இருவேறு வழக்குகள். இரண்டாவதற்குச் சிங்கப்பூரில் வசதி உண்டு. ஹலால் உணவும் சைவ உணவும் தருகிறார்கள். சீக்கியர் தலைப்பாகை அணியலாம். முதலாவதைக் கேட்டால்தான் கதவு அடைபடுகிறது.

எல்லா நாடும் இப்படி அல்ல. தென்கொரியாவில் பல்லாண்டுகளாக இப்படி மறுத்தவர்களைச் சிறையில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். 2018 ஜூனில் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், மாற்றுப் பணி இல்லாத சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் மனசாட்சி நியாயமான காரணம்தான் என்று ஏற்றது. 2020 முதல் மாற்றுப் பணி நடைமுறைக்கு வந்தது: 36 மாதம், சிறைச்சாலைகளில் சமையல், சுத்தம் போன்ற வேலை. தரைப்படைச் சேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சலுகை என்று பெயரே தவிர அதில் சொகுசு ஒன்றும் இல்லை. நம்பிக்கை உண்மையானதா என்று சோதிக்க, மறுத்தவர்கள் துப்பாக்கிச் சுடும் கணினி விளையாட்டு ஆடியிருக்கிறார்களா என்றுகூட அரசு வழக்கறிஞர்கள் தேடியது உண்டு. உங்கள் மகன் கைப்பேசியில் என்ன விளையாடுகிறான் என்று பார்த்திருக்கிறீர்களா? கேலியாகக் கேட்கவில்லை. எந்த நாட்டு விசாரணையும் இறுதியில் இதைத்தான் கேட்கும்: இந்த நம்பிக்கை அழைப்புக் கடிதத்துக்கு முன்பும் உன் வாழ்க்கையில் இருந்ததா?

இந்தப் பேச்சு நம் மண்ணுக்கு முற்றிலும் புதிது என்றும் நினைக்க வேண்டாம். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் இருந்தபோது, நிக்கோபார் தீவுகளில் குடியேற்றம் நடத்துவதற்காக மொரேவியச் சகோதரர்கள் என்ற சபையினரை அழைத்தார்கள். 1760இல் வந்து இறங்கியவர்கள் தரங்கம்பாடிக்கு அருகே தோட்டம் ஒன்றை வாங்கித் தங்கள் கையால் உழைத்து வாழ்ந்தார்கள். 1803 வரை இருந்தார்கள். அதே சபையினருக்குத்தான், ஆயுதம் ஏந்தத் தயங்குகிறவர்கள் என்பதற்காக, 1749இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களில் படைச் சேவையிலிருந்து விலக்கு அளித்திருந்தது. பொறையாறு வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்! அவர்களைக் குடியேறிகளாக வரவேற்க விரும்பிய பிரிட்டிஷ் அரசு, முன்கூட்டியே நிபந்தனையைப் பேசி முடித்துக்கொண்டது. பேரம் பேச உகந்த நேரம் எது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சேவைக்குள் இருப்பவனின் மதத்தை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இருந்த சிப்பாய்கள் நெற்றியில் சமயச் சின்னம் இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். தலைப்பாகையில் தோலும் சேர்ந்திருந்தது. 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டை ரத்தமாகிவிட்டது. அந்த உத்தரவுகள் பிறகு திரும்பப் பெறப்பட்டன. இன்றைய இந்திய ராணுவத்தில் பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று மத ஆசிரியர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பதன் அருமை அதைப் படித்தவனுக்குத் தெரியும்.

இனி, ஊருக்கு அழைத்து வந்துவிடலாமா என்ற கேள்வி. விடுமுறைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து, மன்னார்குடியில் பள்ளியில் சேர்த்துவிட்டு, கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருப்பது மிக மோசமான வழி. கடமைக்கு உட்பட்ட பையன்கள் நீண்டகாலம் வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி வேண்டும். சில நிலைகளில் பிணைத்தொகையும் கட்ட வேண்டும். அனுமதி இல்லாமல் தங்கினால் குற்றம்: 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நீண்டகாலம் திரும்பாமல் இருந்தவர்களுக்குச் சிறைத்தண்டனை கூடிக்கொண்டே போகும் என்று 2017இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பத்து ஆண்டு கழித்து அக்காள் கல்யாணத்துக்கென்று போய் இறங்கினாலும் பிடிப்பார்கள். பொய் மருத்துவச் சான்று வாங்கித் தருகிறேன் என்று வருபவர்களிடம் காது கொடுக்கவே வேண்டாம். மதத்துக்காக மறுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பொய்ச் சான்று நீட்டுவதை உங்கள் சபையே ஏற்காது.

நேர்மையான வழி, சேர்ப்பு ஆணை வருவதற்கு முன் முறைப்படி எழுதிக் கொடுத்து மகனின் நிரந்தரவாசத்தை ஒப்படைத்துவிடுவது. அதற்கு விலை உண்டு. அதன் பிறகு அவன் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் இது பாதகமாக எடுத்துக்கொள்ளப்படும். குடும்பத்தாரின் மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிப்பதிலும் கை வைக்கக்கூடும். உங்கள் கணவரின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்றால் இது சாதாரண விலை இல்லை. அதனால் கணவர், மகன், நீங்கள் மூவரும் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரோடு ஒருமுறை பேசிவிட்டே கையெழுத்திடுங்கள். அந்த ஆலோசனைக்குக் கொடுக்கும் கட்டணம் வீணாகாது. பதிவுக் கடிதத்துக்கு இப்போதே, உரிய நாளுக்குள் பதில் அனுப்புங்கள். பதிவு செய்துவிட்டால், பிறகு மறுக்கிறேன் என்று நிற்கவே முடியாது என்றில்லை. பதிவு செய்யாமல் இருந்தால் மதம் என்ற பேச்சு வருவதற்கு முன்பே சட்டமீறல் வந்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், பையனுக்கு உண்மையிலேயே அந்த நம்பிக்கை இருந்தால் ஒப்படைத்துவிட்டு வரச் சொல்வேன். திருச்சியிலும் தஞ்சாவூரிலும் கல்லூரிகள் இருக்கின்றன. நம்பிக்கை உங்களுடையது மட்டும் என்றால் அவனைச் சேவைக்கு அனுப்பச் சொல்வேன். சபையில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

தம்பி மகன் விஷயத்தில் பதில் எளிது. இங்கே யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அரசமைப்பின் 23ஆம் பிரிவு பொதுநோக்கத்துக்காகக் கட்டாயச் சேவை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது என்றாலும், இன்றுவரை ராணுவத்துக்கு அப்படி ஆள் பிடித்ததில்லை. அவனாகச் சேர்ந்துவிட்டால்தான் வம்பு. 25ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது. 33ஆம் பிரிவு, படையினருக்கு அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1986இல் தேசிய கீதம் பாட மறுத்த கேரளப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை உங்கள் சபையில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அருமையான தீர்ப்புதான். ஆனால் அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். சீருடை அணிந்தவனுக்கு அது குடை பிடிக்காது.

சீருடை அணிந்தவர்களுக்கு நடந்தது இது. தாடி வைக்க அனுமதி கேட்ட முஸ்லிம் விமானப்படை வீரர் ஒருவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தன் படைப்பிரிவின் வழிபாட்டிடத்தில் கருவறைக்குள் நுழைய மறுத்த கிறிஸ்தவ அதிகாரி ஒருவரின் பணிநீக்கத்தை 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சரி என்றன. அந்த அதிகாரி போர் செய்ய மறுக்கவில்லை. அணிவகுப்புக்கு வந்தார், வாசல் வரை வந்தார். அதற்கே இந்த நிலை என்றால் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்பவனுக்கு என்ன இடம் இருக்கும்? சத்தியப் பிரமாணத்தில் கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி மட்டும் எடுக்கலாம், அவ்வளவு இடம் உண்டு. உயிருக்கு ஆபத்து வந்தாலும் மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்ற பகுதியை விட்டுவிட முடியாது.

அக்னிவீராகச் சேர்ந்தால் நான்கு ஆண்டு. நடுவில் சொந்த விருப்பத்தில் விலக, மிக அரிதான சூழலில் மட்டுமே அனுமதி. எழுத்தர் பிரிவு என்றால் துப்பாக்கி இருக்காது என்று யாரோ அவனிடம் சொல்லியிருப்பார்கள். நானே எழுத்தன்தான்; பயிற்சியில் துப்பாக்கி பிடித்துச் சுட்டுக் கற்றுக்கொண்ட பிறகுதான் என்னைத் தட்டச்சு இயந்திரத்துக்கு முன் உட்கார வைத்தார்கள். டெல்டாப் பையன்கள் பலர் போய்ச் சேரும் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. அதன் போர்முழக்கம் "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு". அவனை வீட்டுக் கொல்லையில் நிறுத்தி அதை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் சிக்கினால் தேர்வுக்கட்டணம் கட்டுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளட்டும். பயிற்சி மையத்தின் வாசலைத் தாண்டும் வரை திரும்பி வருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அரசு வேலைதான் வேண்டும் என்றால் தேர்வாணையத் தேர்வுகள் இருக்கின்றன, ரயில்வே இருக்கிறது, தபால் துறை இருக்கிறது. திருச்சியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகலாமா என்றும் கேட்பான் என்று நினைக்கிறேன். அங்கே செய்வது துப்பாக்கி. செய்யலாம், ஆனால் சுடக் கூடாது என்று உங்கள் சபை சொல்கிறதா என்பதை அவன் மூப்பரிடம்தான் கேட்க வேண்டும். அதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை.